இரும்பு தானம்

சேரன்மாதேவிச் சந்தையில் வாலாம்பாள் டீச்சரிடம் சொத்தைக் கத்தரிக்காயை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய வியாபாரி எவரும் கிடையாது. ஒரு கிலோவில் ஒரு காய் சொத்தையாக இருந்தால் போதும், அந்த ஒற்றைக் காயை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் வந்து நிற்பாள். "இதை மாத்திக் குடுங்கோ" என்பாள். குரல் உயராது, முகம் கடுக்காது. ஆனால் மாற்றிக் கொடுக்கிறவரை ஆள் நகரமாட்டாள். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் வியாபாரிக்கே வெட்கமாகி இரண்டு காயை எடுத்துப் போடுவான். அவள் ஒன்றைத் திருப்பித் தட்டில் வைத்துவிட்டு ஒன்றை மட்டும் கொண்டுபோவாள். சந்தையில் அவளுக்குத் 'திருப்பி டீச்சர்' என்று பெயர். அது அவள் காதுக்கும் வந்தது. உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

ஊரில் பெண்கள் பள்ளியில் மேல்வகுப்புக்கு வணிகவியல் எடுத்தாள். பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு சின்னப் பாடமாக வரும். பரீட்சைக்கு வராது என்று மற்றவர்கள் தாண்டிவிடுகிற அந்தப் பாடத்தை இவள் ஒரு வாரம் இழுத்து நடத்துவாள். பில் வாங்காமல் சோப்புக்கட்டிகூட வாங்கக் கூடாது என்று சொல்வாள். சொன்னபடி நடந்தும் வந்தாள். வீட்டுக் கூடத்தில் ஒரு வளைந்த கம்பி தொங்கும். அரிசிக்கடை முதல் பாத்திரக்கடை வரை அத்தனை பில்லும் அதில் குத்தியிருக்கும்.

இப்படிப்பட்டவள்தான் தன் விஷயம் என்று வந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஊருக்கு உபதேசம் சொல்வது எளிது.

கல்யாணமாகிப் பல வருஷம் அவளுக்குப் பிள்ளையில்லை. நவதிருப்பதி, திருச்செந்தூர், பாபநாசம் என்று போகாத இடமில்லை. இனிமேல் இல்லை என்று அவளும் கணவன் ஜெயராமும் மனத்தைத் தேற்றிக்கொண்ட பிறகு, தொண்ணூற்றி நாலில், ஸ்ரீவிஷ்ணு பிறந்தான். பிறந்தவனுக்குத் தொட்டில் வாங்கவேண்டும். அக்ரஹாரத்தில் யாராவது மரத்தொட்டில் கொடுத்திருப்பார்கள். சேலையில் தூளி கட்டினாலும் பிள்ளை தூங்கும். ஆனால் வாலாம்பாளுக்கு இத்தனை நாள் காத்திருந்த பிள்ளைக்கு இரவல் தொட்டிலா என்று இருந்தது. திருநெல்வேலி டவுனில் ரதவீதிக் கடையொன்றில் இரும்புத் தொட்டிலைப் பார்த்தாள். பம்பாயில் செய்தது. வெள்ளைப் பூச்சு, கொசுவலை, சக்கரம், ஆட்டுவதற்கு இரண்டு பக்கமும் கம்பிக் கை. ஆட்டி முடித்ததும் அசையாமல் நிற்க ஒரு கொண்டி. விலை அவளுடைய ஒரு மாதச் சம்பளம். கடைக்காரர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி கொண்டியை அவள் கையாலேயே அழுத்தச் சொன்னார். 'டக்' என்று விழுந்தது.

"அந்தச் சத்தம் கேட்டுட்டா போதும் டீச்சரம்மா. பூகம்பமே வந்தாலும் சாயாது" என்றார்.

தொட்டில் பஸ்ஸின் கூரையில் ஏறி ஊர் வந்தது. பார்க்க வந்தவர்கள் முதலில் தொட்டிலைப் பார்த்தார்கள். பிள்ளையைப் பிறகு பார்த்தார்கள்.

விஷ்ணுவுக்கு ஆறு மாதம் நடக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலாண்டுப் பரீட்சைத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. வாலாம்பாள் பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஆட்டித் தூங்கவைத்து, கொண்டியை அழுத்திவிட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்பு மையில் ஒரு தாளுக்குக் கூட்டல் போட்டுக்கொண்டிருக்கும்போது தொட்டில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவள் நிமிர்வதற்குள் பிள்ளை காவிப்பூச்சுத் தரையில் கிடந்தான். ஒரு மூச்சு சத்தமே இல்லை. அப்புறம் அலறினான். இடது முழங்கை கிட்டே எலும்பு முறிந்திருந்தது. பாளையங்கோட்டையில் எலும்பு டாக்டர் கட்டுப்போட்டார். கை முழுசாக நீட்ட வராமல் கொஞ்சம் மடங்கி நிற்கலாம், வளர வளரத்தான் தெரியும் என்றார்.

விழுந்தது எப்படி என்று கேட்காதவர் இல்லை. "கொண்டியைப் போட்டேன். சத்தம் கேட்டுது" என்று எல்லாரிடமும் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வெளியே போய்த் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை யார் மூடுவது. பேப்பர் திருத்துகிற மும்முரத்தில் மறந்திருப்பாள், கண்ணசந்திருப்பாள், வேலைக்குப் போகிறவளுக்குப் பிள்ளை மேல் எத்தனை கண் இருக்கும் என்றெல்லாம் பேச்சு ஓடியது.

ஜெயராம் வங்கியில் குமாஸ்தா. நல்ல மனிதன்தான். ஒரு நாளும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நீ என்ன பண்ணுவே, பாவம்" என்றான். "தூக்கமில்லாத ஒடம்பு. யாருக்கும் நடக்கறதுதான். விட்டுடு."

"ஏன்னா, நான் கொண்டியைப் போட்டேன்."

"சரி, போட்டே. இப்போ அதை யாரு கேட்டா?"

கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சண்டை போட்டு நிரூபித்திருப்பாள். மன்னிக்கிறவனிடம் என்னவென்று வாதாடுவது. நாளாக ஆக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த 'டக்' அன்றைக்குக் கேட்டதுதானா, முதல் நாள் கேட்டதா. தினமும் எத்தனையோ தடவை அழுத்துகிறோமே, எந்தச் சத்தம் எந்த நாளுடையது. பாத்திரம் தேய்க்கும்போது தன் வலதுகைக் கட்டைவிரலைப் பார்த்தபடி நின்றுவிடுவாள். சொத்தைக் கத்தரிக்காய்க்காக நியாயம் கேட்டவள் ரதவீதிக் கடைக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லை. பழுது தொட்டிலில் இல்லை, தன் கையில் என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் வீட்டுச் சடங்குகளைச் செய்துவைக்கிற வாத்தியார் வந்தார். ஜாதகத்தைப் பார்த்தார், விரலை மடக்கினார். பிள்ளைக்குச் சனி பார்வை, இரும்பால் வந்த பீடை, இரும்பைத் தானமாகக் கொடுத்துவிட்டால் விலகும் என்றார். எந்த இரும்பு என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் அது கூடத்து மூலையில் நின்றது. பிள்ளை விழுந்த தொட்டிலை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் மனசில்லை.

சனி தானம் வாங்க அக்ரஹாரத்தில் எவரும் கை நீட்டமாட்டார்கள். கொடுக்கிறவனுடைய பீடை வாங்குகிறவனிடம் போகும் என்பது வாங்குகிற தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அது கருத்தையாவைத் தேடிப் போயிற்று. கருத்தையா மாதம் ஒருமுறை வந்து கொல்லைத் தென்னையில் தேங்காய் பறித்துப்போடுகிறவன். கன்னடியன் கால்வாய்க்கு அப்பால் குடிசை. வீட்டில் பெண்டாட்டி கனி, விஷ்ணுவை விட இரண்டு மாதம் சின்னப் பெண்குழந்தை. எதற்காகத் தானம் என்று வாங்குகிறவனிடம் சொல்லக் கூடாது, சொன்னால் பலன் கெடும் என்று வாத்தியார் சொன்னார். சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, எள்ளும் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும் தொட்டிலுக்குள் வைத்து, ஜெயராம் தர்ப்பையைப் பிடித்துக்கொண்டு கை நீட்டினான். தானமென்றால் பெண்டாட்டி நீர் வார்க்கவேண்டும். வாலாம்பாள் செம்பிலிருந்து வார்த்தாள். கருத்தையா தொட்டிலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, "பிள்ளை ஜம்முனு தூங்கும் சாமி" என்று சிரித்தபடி போனான். அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள். இன்னொரு பிள்ளை அதில் படுக்கும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. பழுது என் கையில்தானே, கனி ஜாக்கிரதையான பெண், அவள் ஒழுங்காகக் கொண்டியைப் போடுவாள் என்று நினைத்துக்கொண்டாள்.

தீபாவளிக்குத் துணி எடுக்க டவுனுக்குப் போனபோது ரதவீதிக் கடை வாசலில் அதே வெள்ளைத் தொட்டில் நின்றது. கால் தானாக அங்கே போயிற்று. குனிந்து பார்த்தாள். இதில் இரண்டு கொண்டி. ஒன்று பழையபடி, இன்னொன்று அதன்மேல் திருகாணி வைத்தது. கடையில் வேலை பார்த்த பெண் ஓடிவந்தாள்.

"இது புது மாடல்க்கா. பழசுல கொண்டி விழுந்த மாதிரி சத்தம் கேக்குமாம், ஆனா உள்ள பிடிக்காதாம். கம்பெனிக்காரனே மாத்திட்டான். பழசையெல்லாம் திருப்பி அனுப்பியாச்சு."

வாலாம்பாள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கல்லாவிலிருந்து அண்ணாச்சி எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

"அது சின்னப் பிள்ளை, தெரியாம பேசுதா. அப்படி ஒண்ணும் கெடையாது" என்றார். "எங்க அப்பா காலத்துலேருந்து யாவாரம். எம்புட்டோ பேரு வாங்கிட்டுப் போயிருக்காவ. பெத்தவுக கண்ணுல தூக்கம் இருந்தா தொட்டில் என்னம்மா செய்யும்? கோவப்படாதீங்க, தாய்மார் மறக்கத்தான் செய்யுதாவ. பிள்ளைக்கு ஒரு கிலுகிலுப்பை தாரேன், கொண்டுபோங்க."

கிலுகிலுப்பையைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு வந்தாள். துணி எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கம்பியிலிருந்த பில்களை ஒவ்வொன்றாக உருவி, தொட்டில் பில்லைத் தேடி எடுத்தாள்.

பாளையங்கோட்டையில் ஞானப்பிரகாசம் என்று ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார் ஒருவர், இந்த மாதிரி வழக்குகளுக்குக் காசு வாங்காமல் மனு எழுதிக் கொடுத்துவந்தார். வீட்டு முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு தட்டச்சு இயந்திரம். பில்லைப் பார்த்தார், டாக்டர் சீட்டைப் பார்த்தார். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது, வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் நுகர்வோர் மன்றம் எடுத்துக்கொள்ளும் என்றார். அவளுக்கு இதெல்லாம் தெரியும். வருஷாவருஷம் நடத்துகிற பாடம்.

"சாமானைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேப்போம். அதுதான் உங்க சாட்சி" என்றார். "தொட்டில் எங்க இருக்கு?"

"கொண்டுவந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள் வாலாம்பாள்.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் கால்வாயைத் தாண்டிப் போனாள். மழை பெய்து வரப்பெல்லாம் சேறு. கனி தூரத்திலேயே பார்த்துவிட்டாள். "பைய வாங்க டீச்சரம்மா, வழுக்கும்" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். குடிசைக்குப் பின்னால், சாய்ப்புக் கூரைக்குக் கீழே தொட்டில் கிடந்தது. அதற்குள் சுள்ளி விறகை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"இதுல பிள்ளையைப் போடறதில்லையா?" என்றாள் வாலாம்பாள்.

கனி உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் வலது புருவத்துக்கு மேலே தையல் போட்ட தழும்பு. அந்தப் பக்கத்து இமை பாதிதான் திறந்தது. அம்மிமேல் விழுந்துவிட்டது என்றாள்.

"கோவிச்சுக்கிடாதீங்கம்மா. நீங்க ஆசையா தந்த சாமான். நாந்தான் கொண்டியைச் சரியா மாட்டாம விட்டுட்டேன். மாட்டின மாதிரிதான் இருந்துச்சு. டக்குன்னு சத்தங்கூடக் கேட்டுச்சு. இவரு நம்ப மாட்டேங்காரு. அன்னைக்கு என்னை அடிச்ச அடியில..." பாதியில் நிறுத்திக்கொண்டாள். "டீச்சரம்மா வந்து கேட்டா என்ன சொல்லன்னு இத்தனை நாளும் பயந்துக்கிட்டே கெடந்தேன்."

உள்ளதைச் சொன்னால், அந்த இடத்தில் வாலாம்பாளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். டக்கென்று சத்தம் கேட்டது. கேட்டும் விழுந்தது. அப்படியானால் நான் போட்டேன், போட்டேன், போட்டேன். நெஞ்சில் கிடந்த கல் உருண்டு விழுந்ததுபோல் இருந்தது. அடுத்த மூச்சில் அந்தப் பாதி திறந்த கண்ணைப் பார்த்தாள். தன்மேல் குற்றமில்லை என்று தனக்குச் சொல்ல ஒரு பிள்ளை விழவேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையை அதில் போடச் சொல்லி நீர் வார்த்துக் கொடுத்தது இந்தக் கைதான். அந்தச் சந்தோஷமே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

தன் பிள்ளை விழுந்ததைச் சொன்னாள். கடையில் கேட்டதைச் சொன்னாள். கனி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்க பிள்ளை விழுந்ததுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இதுல போட்டிருப்பனாம்மா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"சொல்லியிருக்கணும்" என்றாள் வாலாம்பாள். "கேஸ் போடப்போறேன், கனி. இந்தத் தொட்டில் வேணும். ஜெயிச்சா உனக்கும்தான். நான் பார்த்துக்கறேன்."

கனி விறகை எடுத்துக் கீழே போட்டுவிட்டுத் தொட்டிலைத் துடைத்துக் கொடுத்தாள்.

ஞானப்பிரகாசத்திடம் வாலாம்பாள் எதையும் மறைக்கவில்லை. அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது ரெண்டு பக்கமும் வெட்டும்மா. இன்னொரு பிள்ளையும் விழுந்ததுங்கறது பலமான சாட்சி. ஆனா எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேப்பான். பழுதுன்னு நெனச்சிருந்தா அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்திருப்பீங்களா? உங்க தப்புன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு, அதான் குடுத்தீங்கம்பான். பொய் எழுத என்னால ஆகாது. எதை எழுதணும்னு நீங்க சொல்லுங்க."

ஜெயராமுக்கு யோசனையே தேவைப்படவில்லை. "கனி விஷயம் வேண்டாம்" என்றான். "தானம் கொடுத்ததை மன்றத்துல சொன்னா சந்தி சிரிக்கும். நம்ம பிள்ளைக்கு நம்ம கேஸ். அவா பிள்ளைக்கு ஏதாவது பணம் கொடுத்துடலாம்."

வாலாம்பாள் ஒரு வாரம் யோசித்தாள். அவள் கெட்டவள் அல்ல. ஆனால் ஜெயிக்கவேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. தன் கையில் பழுதில்லை என்று யாராவது ஒருவர் முத்திரை குத்தி எழுதித் தரவேண்டும். அதன் முன்னால் மற்றதெல்லாம் சின்னதாகிவிட்டது. மனுவில் அவளே வாசகம் சொன்னாள்: 'சம்பவத்துக்குப் பின் மனுதாரரின் குழந்தை அந்தத் தொட்டிலில் படுக்கவைக்கப்படவில்லை.' ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஞானப்பிரகாசம் அதை அப்படியே தட்டச்சு செய்தார்.

வழக்கு நடந்தது. பம்பாய்க் கம்பெனிக்காரன் எட்டிப்பார்க்கவில்லை. அண்ணாச்சி மட்டும் வாய்தாவுக்கு வாய்தா வெள்ளைச்சட்டையோடு வந்து, எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். தொட்டில் எங்கே இருந்தது என்று அவருடைய வக்கீல் கேட்டபோது, "எங்களுக்குத் தெரிஞ்சவா பொறுப்புல இருந்தது" என்றாள். அவர் அதற்குமேல் தோண்டவில்லை. மன்றம் தொட்டிலை அரக்குமுத்திரை வைத்து மதுரைக்குப் பரிசோதனைக்கு அனுப்பியது. கொண்டிக்குள் இருக்கும் வில்கம்பி தளர்வானது, சத்தம் வரும், பிடிக்காது என்று அறிக்கை வந்தது.

அடுத்த சித்திரையில் தீர்ப்பு. தொட்டிலின் விலையைத் திருப்பித் தரவேண்டும், வைத்தியச் செலவும் நஷ்டஈடும் தரவேண்டும் என்று இருந்தது. அதெல்லாம் அவள் கண்ணில் படவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'குழந்தையின் தாயார் தரப்பில் கவனக்குறைவு ஏதும் இருந்ததாக இம்மன்றம் கருதவில்லை.' பத்தமடை தாண்டி ஊர் வருகிறவரை பஸ்ஸில் அந்த ஒரு வரியைத்தான் படித்துக்கொண்டு வந்தாள். அழுகை வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் என்னவோ துக்கச் செய்தி என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

ஜெயராம் படித்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றான். புருஷர்களுக்கு எல்லாமே அப்பவே தெரியும். பின்னால்தான் சொல்வார்கள். நஷ்டஈட்டுப் பணம் வர நாளாகும் என்று வாலாம்பாள் தன் சம்பளத்திலிருந்து கனிக்குக் கொஞ்சம் ஒரு கவரில் எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கவரையும் தீர்ப்பையும் எடுத்துக்கொண்டு போனாள். கருத்தையா வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மரமேறுகிற தளைக்கயிறு திரித்துக்கொண்டிருந்தான். கனி கவரை வாங்கிப் பிரிக்காமல் பக்கத்தில் வைத்தாள். அவளுக்கு வேண்டியது வேறு.

"தாய்மேல குத்தமில்லைன்னு எழுதியிருக்குன்னு ஊர்ல பேசிக்கிட்டாவ. நெசமாம்மா? அதை இவரு காதுல விழுறாப்புல படிங்க."

வாலாம்பாள் படித்தாள். சட்டத் தமிழைக் கொஞ்சம் உடைத்து, அர்த்தமும் சொன்னாள். கருத்தையா கயிறு திரிப்பதை நிறுத்தினான். திரும்பவில்லை.

"நல்லதும்மா. உங்க மேல பழியில்லைன்னு ஆச்சு" என்றான். "அது உங்க பிள்ளை விழுந்ததுக்கு எழுதினது. இவ போட்ட பிள்ளைக்கு யாரு எழுதியிருக்கா?"

கனி சட்டென்று வாலாம்பாள் பக்கம் திரும்பினாள். "இருக்கும்லா டீச்சரம்மா? எங்க பிள்ளையும் விழுந்துச்சு, நானுந்தான் டக்குன்னு மாட்டுனேன்னு சொல்லியிருப்பீகல்லா?"

என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். சட்டத்தில் அப்படி, நடைமுறையில் இப்படி என்று ஒரு வகுப்பே எடுத்திருக்கலாம். வாலாம்பாள் தாளை மடித்தாள்.

"சொல்லலை" என்றாள்.

"ஏன்?"

"உன் பிள்ளைக்குக் கொடுத்தது நான்தான்னு தெரிஞ்சா தோத்துடுவேன்னு பயந்தேன்."

கருத்தையா மறுபடி கயிற்றைத் திரிக்க ஆரம்பித்தான். பிள்ளை தவழ்ந்து வந்து வாலாம்பாளின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. பாதிக் கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தது. கனி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ நாந்தான் மாட்டாம விட்டது" என்றாள். "அப்படித்தானம்மா இருக்கு?"

வாரக்கணக்காகத் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்ற வாலாம்பாளுக்கு அந்தக் கேள்வியின் வலி தெரியாதா. தான் கழற்றி எறிந்த பழியை இவள் தலையில் அப்படியே விட்டுவிட்டு வந்து, கவரை நீட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று புரிந்தது. எழுந்தாள். இரண்டடி போனவள் திரும்பினாள்.

"கனி, பிள்ளை பேரு என்ன?"

இத்தனை நாளில் அவள் அதைக் கேட்டதே இல்லை. கனியும் அதைத்தான் நினைத்திருக்கவேண்டும்.

"முப்பிடாதி" என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போனாள். ஜெயராமிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவன் வேண்டாம் என்று கெஞ்சினான், கோபித்தான், கடைசியில் பிள்ளையை வாங்கிக்கொண்டான். ஞானப்பிரகாசம் அப்போதுதான் பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

"காசு கொடுத்து வாங்கினவுக சம்மதத்தோட உபயோகிச்சவுகளும் நுகர்வோர்தான். கனி பேர்ல தனி மனு போடலாம், சட்டத்துல எடம் இருக்கு" என்றார். "ஆனா ஒண்ணு, யோசிச்சுக்கோங்க. அண்ணாச்சி மேல்முறையீடு பண்ண இன்னும் நாள் இருக்கு. இந்த மனு அவர் கைக்குப் போச்சுன்னா, நீங்க மறைச்சதைச் சொல்லி உங்க தீர்ப்பையே ஒடைக்கப் பாப்பாங்க. அந்த ஒரு வரியும் போயிடும்."

"தெரியும்" என்றாள் வாலாம்பாள்.

அவர் இயந்திரத்தில் தாளைச் சொருகினார். விரலை எழுத்துகள்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்னன்னு ஆரம்பிக்கட்டும்?"

"முப்பிடாதிங்கற குழந்தைக்கு இந்தத் தொட்டிலைக் கொடுத்தது நான். அப்படின்னு ஆரம்பிங்கோ" என்றாள்.